ஸ்டென்ட் பற்றி எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கும்பகோணத்தில் இருக்கிறோம். அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கத்திலிருக்கும் பிளேனோவில் மகள் இருக்கிறாள். ஜனவரி கடைசியில் அவளுக்குப் பிரசவம். நானும் என் வீட்டுக்காரரும் ஜனவரி முதல் வாரம் கிளம்பி ஐந்து மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. விசா கையில் இருக்கிறது. அவருக்கு 69 வயது, ஏப்ரலில் 70 முடிகிறது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, இரண்டு வருடம் முன்பு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு 64. தைராய்டு மாத்திரை, முட்டி வலி, அவ்வளவுதான். டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், இரண்டு பேருக்கும் சேர்த்து ரூ.36,000-க்கு 50,000 டாலர் பாலிசி இருக்கிறது, ஸ்டென்ட் பற்றி எழுத வேண்டாம், எழுதினால் கிடைக்காது என்கிறார். மாப்பிள்ளை அந்த ஊர் கம்பெனியிலேயே எடுக்கலாம் என்கிறார். அது மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. என்னிடம் பென்ஷனர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அது அங்கே உதவுமா? எதை எடுப்பது? மருந்து எவ்வளவு கொண்டுபோகலாம்?

பதில்:

அன்புள்ள அம்மா,

ஏஜென்ட் சொன்ன அந்த ஒரு வரியை முதலில் முடித்துவிடுவோம். ஸ்டென்ட்டை மறைக்காதீர்கள். நீதி நியாயத்துக்காகச் சொல்லவில்லை, மறைக்கவே முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நெஞ்சு வலி என்று சாரை அங்கே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனால், டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இதற்கு முன் இதயத்துக்கு ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா?" பக்கத்தில் நிற்கும் நீங்கள் உண்மையைத்தான் சொல்வீர்கள், சொல்லியே ஆக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் அவர்கள் கை வைக்க முடியாது. நீங்கள் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறும். நீங்களே வாய் திறக்காவிட்டாலும் ஆஞ்சியோகிராம் எடுத்தால் ஸ்டென்ட் தெரிந்துவிடும். அந்த கேஸ் ஷீட் நேராக இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவுக்குப் போகிறது.

அந்தப் பிரிவில் 22 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு பெரியவர், மகனைப் பார்க்கப் போன இடத்தில் நிமோனியா வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரல் பிரச்சினைதான், இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பத்தியில் "மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட்" என்று இருந்தது. விண்ணப்பத்தில் இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்திருந்தார்கள். முக்கியத் தகவலை மறைத்ததாகச் சொல்லிக் கம்பெனி முழு க்ளெய்மையும் மறுத்தது. மறுப்புக் கடிதத்தைத் தயாரித்தவன் நான்தான். விதிப்படி அது சரியான கடிதம். அந்த டிக்கை அடித்தது பெரியவர் இல்லை, அவருடைய ஏஜென்ட் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பில்லை மகன் தவணையில் கட்டினார். ஏஜென்டுக்குக் கமிஷன் வந்து சேர்ந்து பல மாதம் ஆகியிருக்கும்.

ஆக, விண்ணப்பத்தை நீங்களே படித்து, நீங்களே நிரப்புங்கள். இவ்வளவு வருடம் மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தியவர், ஒரு படிவத்தை அடுத்தவரிடம் விடலாமா?

பென்ஷனர் அட்டையைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அமெரிக்க ஆஸ்பத்திரியில் அது செல்லாது. மகளின் வேலை மூலம் வரும் இன்சூரன்ஸிலும் பொதுவாகப் பெற்றோரைச் சேர்க்க முடியாது. 65 வயதானவர்களுக்கு அங்கே இருக்கும் மெடிகேர் என்ற அரசுத் திட்டமும் விசிட்டர் விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. ஆகவே பாலிசி ஒன்று எடுத்தே தீர வேண்டும். அமெரிக்க விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை என்று யாராவது சொன்னால், அது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி பில்லுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே எடுப்பதா, அங்கே எடுப்பதா என்பதில், உங்கள் இருவரின் நிலைமைக்கு நான் மாப்பிள்ளை பக்கம். ஆனால் "அங்கே எடுத்தது" என்ற ஒரே காரணத்துக்காக இல்லை. அமெரிக்கத் திட்டங்களிலும் தண்டம் நிறைய உண்டு. அதனால் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெற்றோருக்காக விற்கும் அமெரிக்கத் திட்டங்கள் இரண்டு ரகம். ஒன்று "ஃபிக்ஸட் பெனிஃபிட்". எமர்ஜென்சிக்கு ஒரு தடவை போனால் இத்தனை டாலர், ஆஸ்பத்திரியில் ஒரு நாளுக்கு இத்தனை, ஆபரேஷனுக்கு இத்தனை என்று முன்கூட்டியே தொகை கட்டிவைத்திருப்பார்கள். பில் என்னவாக இருந்தாலும் அவர்கள் தருவது அந்தத் தொகைதான். எமர்ஜென்சியில் ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிவதற்குள் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும் ஊரில், அவர்கள் சில நூறு டாலர் கொடுத்து ஒதுங்கிக்கொள்வார்கள். பிரீமியம் குறைவு என்பதால் பிள்ளைகள் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வேண்டாம்.

இன்னொன்று "காம்ப்ரிஹென்சிவ்". இதில் பில்லின் அளவைப் பார்த்துப் பணம் தருவார்கள். முதலில் டிடக்டபிள் என்ற ஒரு தொகை உங்கள் கைக்காசு, அப்புறம் மீதியில் பங்கு. உதாரணத்துக்கு, டிடக்டபிள் 250 டாலர், அதற்கு மேல் முதல் 5,000 டாலரில் கம்பெனி 80 சதவீதம், நீங்கள் 20 சதவீதம், அதைத் தாண்டினால் முழுதும் கம்பெனி என்ற திட்டத்தை எடுத்திருக்கிறீர்கள். பில் 8,000 டாலர் வந்தால் உங்கள் கையிலிருந்து போவது 250-ம் 1,000-ம் சேர்த்து 1,250. மீதி 6,750 கம்பெனி தரும். டிடக்டபிள் 250 அல்லது 500 என்று வைத்தால் பிரீமியம் கொஞ்சம் இறங்கும், அது பரவாயில்லை. சின்ன பில்லை நாம் பார்த்துக்கொள்ளலாம், நமக்கு பயம் பெரிய பில்தான்.

இப்போது சாரின் ஸ்டென்ட். இந்த அமெரிக்கத் திட்டங்களில் பெரும்பாலானவற்றின் விண்ணப்பத்தில் நோய் பற்றிய கேள்வியே இருக்காது. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், பயணத் தேதி, அவ்வளவுதான். "ஆகா, மறைக்கவே வேண்டாமே" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்குப் பணம் கிடையாது என்று உள்ளே ஒரு விதி இருக்கும். க்ளெய்ம் வரும்போது கும்பகோணம் டாக்டரின் பழைய ரெக்கார்டுகளைக் கேட்டு வாங்கித்தான் முடிவு செய்வார்கள்.

பல திட்டங்களில் அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பாலிசியில் "அக்யூட் ஆன்செட் ஆஃப் ப்ரீ எக்ஸிஸ்டிங் கண்டிஷன்" என்ற வார்த்தைகளைத் தேடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று தலைதூக்கி, உடனே வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்தால், அந்த அவசர வைத்தியத்துக்குப் பணம் உண்டு என்று அர்த்தம். சாருக்கு நீங்கள் எடுக்கும் பாலிசியின் உயிரே இந்த வரிதான். இது இல்லாத பாலிசி அவருக்கு வெறும் காகிதம்.

இந்த வரிக்குள்ளே ஒரு கடிகாரமும் ஓடுகிறது. பல பாலிசிகளில், அறிகுறி ஆரம்பித்த 24 மணி நேரத்துக்குள் வைத்தியத்துக்குப் போயிருக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். மகள் பச்சை உடம்புக்காரி, மாப்பிள்ளை ராத்திரியெல்லாம் குழந்தையோடு கண் விழிக்கிறார், அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று சார் நெஞ்சு எரிச்சலை இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார். ஜெலுசிலும் சுக்குக் காப்பியும் ஓடும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "ரெண்டு நாளாவே இருந்துச்சு டாக்டர்" என்பார். உடம்புக்கும் கெடுதல், க்ளெய்மும் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. கிளம்புவதற்கு முன் சாரை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இன்னொன்று, இந்த விலக்கு அவசர கட்டத்துக்கு மட்டும்தான். நிலைமை சீரான பிறகு "ஊருக்குப் போய் பைபாஸ் செய்துகொள்ளலாம்" என்று டாக்டர் சொல்லும் கட்டம் வந்தால் கம்பெனி அங்கேயே நிறுத்திக்கொள்ளும். சர்க்கரை மெல்ல மெல்ல ஏறுவது, வழக்கமான செக்கப், தினசரி மாத்திரை எதற்கும் பணம் வராது. சில பாலிசிகள், கிளம்புவதற்குச் சற்று முன்னால் மருந்தை மாற்றியிருந்தால்கூட நோய் நிலையாக இல்லை என்று எடுத்துக்கொள்ளும். அதனால் இதய டாக்டரிடம் கடைசி வாரத்தில் போகாமல் இப்போதே போய்விடுங்கள். பயணம் செய்யலாமா என்பதையும் அவரே சொல்லட்டும். அவர் தயங்கினால், நீங்கள் மட்டும் முதலில் போங்கள். தாத்தா பேரக்குழந்தையை ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் குழந்தை கோபித்துக்கொள்ளாது.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஏப்ரலில் சாருக்கு 70 முடிகிறது. இந்தத் திட்டங்களில் 70 என்பது ஒரு பெரிய படி. பல திட்டங்களில் 70 வயதானவர்களுக்கு மொத்தத் தொகையின் உச்சவரம்பு இறங்கும், நான் மேலே சொன்ன திடீர் நோய் விலக்கும் சிலவற்றில் குறையும், சிலவற்றில் இல்லாமலே போகும். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால் என்ன ஆகும் என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறு. பாலிசி தொடங்கிய நாளின் வயதையே கடைசிவரை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு, பிறந்தநாள் அன்றே மாற்றிவிடுபவர்களும் உண்டு. மாப்பிள்ளையை கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போடச் சொல்லுங்கள்: "ஏப்ரலில் 70 முடிந்த பிறகும் இவருக்கு இந்த விலக்கு ஜூன் வரை அப்படியே இருக்குமா?" பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். போனில் சொன்னது செல்லாது. இந்த ஒரு கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் திட்டத்தை, மற்றதில் பத்து டாலர் கூடினாலும், எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? ஏஜென்ட் சொன்ன 50,000 டாலர், நம் கணக்கில் நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல். கும்பகோணத்தில் உட்கார்ந்து பார்த்தால் மலை மாதிரி தெரிகிறது. ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா வாங்க 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது விதி. அதற்கு 50,000 டாலர் தாராளம். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஐசியூவில் சில நாள் இருந்தால், பில் ஒரு லட்சம் டாலரை எளிதாகத் தாண்டும். ஆகவே சாரின் வயதுக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தொகையைப் பாருங்கள், ஒரு லட்சத்துக்குக் குறைய வேண்டாம். அவ்வளவு கிடைக்கவில்லை என்றால் கிடைப்பதை எடுங்கள்.

ஏஜென்டின் பாலிசியை நான் ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை. பதினைந்து நாள் சிங்கப்பூர், துபாய் போகும் ஆரோக்கியமான ஆளுக்கு இந்தியப் பாலிசி போதும், விலையும் நியாயம். அதில் ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. க்ளெய்ம் மறுத்தால் சண்டை போடும் இடம் இங்கேயே இருக்கிறது. கம்பெனிக்குப் புகார், அங்கே நடக்கவில்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா என்ற புகார் தளம், அதற்கு அப்புறம் சென்னையிலிருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரி. ஆம்புட்ஸ்மேனிடம் போகக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு விற்கும் பல இந்தியத் திட்டங்களில் அறை வாடகை, ஐசியூ, சர்ஜன் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உச்சவரம்பு வைத்திருப்பார்கள். மேல் அட்டையில் 50,000, உள்ளே போனால் கையில் வருவது அதில் ஒரு துண்டு. முன்பே உள்ள நோய்க்கு "உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்" என்று சின்னத் தொகை வைத்திருப்பார்கள், சிலவற்றில் அதுவும் இராது. ஸ்டென்ட்டை வெளிப்படையாக எழுதி, அதற்கு உருப்படியான தொகையை எழுத்தில் தரும் இந்தியப் பாலிசி கிடைத்தால் எடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏஜென்ட் கொண்டுவந்தது அந்த ரகம் இல்லை.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் எல்லாரும் சாரின் இதயத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உங்கள் முட்டிதான் பயம். புது வீடு, மாடிப்படி, ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை அழுகிறது, அரைத் தூக்கத்தில் இறங்கி வருகிறீர்கள். கீழே விழுந்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டிகளின் ஃபைல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விபத்து என்பதால் இது முன்பே உள்ள நோய்க் கணக்கில் வராது, பாலிசி கைகொடுக்கும். ஆனால் இடுப்பெலும்பு ஆபரேஷனும் லேசான பில் இல்லை. தம்பதி என்றால் ஒரே தொகைக்குத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. உங்கள் வயதுக்குப் பெரிய தொகை சுலபமாகக் கிடைக்கும். உங்களுக்கும் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் காம்ப்ரிஹென்சிவ் எடுங்கள். நல்ல பிடிப்புள்ள வீட்டுச் செருப்பு ஒரு ஜோடியும் பெட்டியில் வையுங்கள்.

மாதாமாதம் புதுப் பாலிசி எடுத்தால் மலிவு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முதல் மாதத்தில் ஒரு நோய் வந்தால், அடுத்த பாலிசிக்கு அது முன்பே உள்ள நோய் ஆகிவிடும். ஊரிலிருந்து கிளம்பும் நாள் முதல் ஊர் வந்து சேரும் நாள் வரை ஒரே பாலிசி, பத்து நாள் கூடுதலாக. க்ளெய்ம் எதுவும் இல்லாமல் சீக்கிரம் திரும்பினால் மீதி நாளுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டங்களும் உண்டு.

அங்கே போனபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஜுரம், வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள். "அர்ஜென்ட் கேர்" என்ற சின்ன கிளினிக்குகள் இருக்கும், பில் பல மடங்கு குறைவு. வீட்டுப் பக்கத்தில் எந்த கிளினிக், எந்த ஆஸ்பத்திரி உங்கள் பாலிசியின் நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில், வருகிறது என்று முதல் வாரமே மாப்பிள்ளை பார்த்து எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கட்டும். ஆனால் நெஞ்சு வலி, வாய் கோணுவது, கை கால் இழுப்பது என்றால் நெட்வொர்க்கெல்லாம் தேட வேண்டாம், அங்கத்து அவசர உதவி நம்பரான 911-தான். பணம் கட்டினால்தான் தொடுவேன் என்று எமர்ஜென்சியில் சொல்ல முடியாது. நோயாளியைப் பரிசோதித்து ஆபத்திலிருந்து மீட்டாக வேண்டும் என்று அங்கே 1986 முதல் மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. பில் பின்னாலேயே வரும் என்பது வேறு விஷயம். அட்மிஷன் ஆனால் பாலிசி அட்டையிலுள்ள நம்பருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். பல திட்டங்களில் இதற்கு 48 மணி நேரக் கெடு உண்டு, தவறினால் தரும் தொகையில் கை வைப்பார்கள்.

பில் ஒன்றாக வராது. ஆஸ்பத்திரி தனி, டாக்டர் தனி, எக்ஸ்ரே பார்த்தவர் தனி என்று மாதக்கணக்கில் தபாலில் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் வரும். மாப்பிள்ளை எதையும் அவசரப்பட்டுக் கட்டிவிட வேண்டாம். விவரப் பட்டியலோடு பில் கேட்கட்டும், இன்சூரன்ஸ் தன் கணக்கை முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக மருந்து. அங்கே போய் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், தினசரி மாத்திரைக்கு பாலிசி பணம் தராது. சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவு கொண்டுவரலாம் என்பதுதான் அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. மீதி இரண்டு மாத மருந்தை எப்படி வரவழைப்பது என்று கிளம்புவதற்கு முன்பே மாப்பிள்ளையோடு பேசி முடிவு செய்துவிடுங்கள், டாக்டர் சீட்டின் ஒரு நகல் அதற்காக இங்கே இருக்கட்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, அதே சீட்டின் அசலோடு எடுத்துப்போங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரும் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும், நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. சார் இன்சுலின் போடுபவர் என்றால் அது கைப்பையில் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியும், கடைசி ஈசிஜியும், எக்கோ ரிப்போர்ட்டும் அதே கைப்பையில். அவற்றை போட்டோ எடுத்து மகளுக்கும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.